வாசல்வரைக்கும் உள்ள நேரம்

ஐம்பத்து மூன்று வயதில், ஒரு சாவு வீட்டு முற்றத்தில், நாற்பது பேர் முன்னால் நின்றுகொண்டு நான் கிலோமீட்டரை வேகத்தால் வகுத்தேன். இதை எழுதும்போதே காது சூடாகிறது. கொச்சியிலிருந்து வான்கூவருக்குப் பதிமூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று போன் சொன்னது. விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகும் என்று எனக்கே தெரியும். வகுத்தால் பதினைந்துக்குள் வந்தது. தாராள மனதுடன் மேலே மூன்று மணி நேரம் போட்டேன். "பதினெட்டு மணி நேரம். நாளைக்குக் காலைல பையன் இங்க நிப்பான்" என்று அறிவித்தேன். பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிக் கணக்குக்கு எனக்கு ஒருநாளும் முழு மதிப்பெண் கிடைத்ததில்லை. அன்று நாற்பது பேரும் தலையாட்டியபோது கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கூட்டத்தில் யாரோ, "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார். நான், "அக்காகிட்ட கேட்டா அடுத்த வெள்ளிக்கிழமைன்னு சொல்வாங்க" என்றேன். சாவு வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். என் நகைச்சுவைக்கு அப்படி ஒரு குணம். எங்கே கூடாதோ அங்கேதான் நன்றாக வேலை செய்யும்.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயரை எழுதவில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்க்காரர்கள் குடியிருக்கும் சந்துகளில் அக்கா என்று சொன்னாலே அவர்தான். படகுத்துறைப் பக்கம் இரண்டு மேசை போட்ட ஒரு டிராவல் ஆபீஸில் முப்பது வருஷம் டிக்கெட் எழுதியவர். எல்லோரும் போனிலேயே டிக்கெட் எடுக்க ஆரம்பித்ததும் அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஜனங்கள் அவர் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. டிக்கெட்டுக்காக அல்ல. யார் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும், எத்தனை மணிக்கு வந்து சேருவார்கள் என்று கேட்பதற்காக.

அக்கா ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார். முதலில், "பாஸ்போர்ட் அவன் கையிலதானே இருக்கு?" என்பார். கேட்கப் போனவர்கள், விசா புதுப்பிக்கக் கொடுத்திருப்பானோ, கம்பெனி வாங்கி வைத்திருக்குமோ என்று வாசலில் நின்றே போன் போடுவார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது என்று ஆனதும் அக்கா கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து எண்ணத் தொடங்குவார். எண்ணுவது பின்னாலிருந்து.

"நம்ம வாசல்ல வந்து செருப்பு கழட்டுறான். அதுக்கு முன்னாடி?"

"டாக்ஸில வரான் அக்கா."

"எந்த நேரத்துல? குண்டன்னூர் பாலத்துல டிராபிக் பிளாக் இருக்கற நேரமா, இல்லாத நேரமா? அதுக்கு முன்னாடி?"

"பெட்டி எடுக்கறான்."

"பெட்டி வரலைன்னா எழுதிக் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி?"

இப்படியே தோப்பும்படி, வெலிங்டன் தீவு, ஆலுவா, நெடும்பாசேரி விமான நிலையம், நடுவில் விமானம் மாறும் ஊர், அங்கே உட்கார்ந்திருக்கும் நேரம், அந்த நாட்டு விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்பது, அதற்கும் முன்னால் லீவு தரவேண்டிய மேலதிகாரியின் மனநிலை என்று, அவன் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரும் இடம்வரை பின்னோக்கிப் போய்விட்டுத்தான் ஒரு நேரம் சொல்வார். அது எப்போதும் கேட்டவர் நினைத்ததைவிட இரண்டு மடங்காக இருக்கும். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, முகம் தொங்கித் திரும்புவார்கள்.

நான் அவரை நம்பாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் மச்சினன் ஷார்ஜாவிலிருந்து வந்தான். நாலு மணி நேரப் பறப்பு. அக்கா பதினொரு மணி நேரம் என்றார். அவன் வீட்டை விட்டுக் கிளம்பிய ஐந்தரை மணி நேரத்தில் நான் நெடும்பாசேரியில் போய் நின்றேன். அதற்குப் பிறகு நான் தின்ற பழம்பொரி பஜ்ஜியை எண்ணினால் என் மனைவி இன்னொருமுறை சண்டை போடுவாள். மச்சினனோடு சந்துக்குள் நுழைந்தபோது அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "பத்து நாப்பது" என்றார். அவர் சொன்னதைவிட இருபது நிமிடம் முன்னால் வந்துவிட்டோமாம். அதில் அவர் முகத்தில் ஒரு வருத்தம்கூடத் தெரிந்தது.

அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஒருநாள் அதைச் சொல்லிக் கேலி செய்தேன். "அதனாலதான் எனக்குப் பறக்கற நேரம் பெருசாத் தெரியல. பாக்கி நேரம் எல்லாம் தெரியுது" என்றார். ஏன் இப்படி எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள், கொஞ்சம் குறைத்துச் சொன்னால்தான் என்ன என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"ஆபீஸ்ல சேர்ந்த புதுசுல ஒருத்தி வந்து கேட்டா. நான் கொறைச்சுச் சொன்னேன். அவ மகன் வரதுக்குள்ள எடுத்துட்டாங்க. மதி, போ."

மதி என்றால் மலையாளத்தில் போதும். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இனி அந்தச் சாவு. இறந்தவர் நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எதிர்வீடு. அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஒரே மகன், வான்கூவரில். விசா சிக்கலில் ஆறு வருஷமாக வரமுடியாமல் இருந்து, அப்போதுதான் எல்லாம் சரியாகியிருந்தது. பெரியவர் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனார். அத்தை அழவில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் வந்து அப்பா முகத்தைப் பாக்கட்டும். குளிப்பாட்டறது அவன் கையால" என்று மட்டும் சொன்னார். 

மகன் போனில் என்னிடம், "அண்ணா, உடனே புறப்படறேன்" என்றான். அந்த "உடனே"யை வைத்துக்கொண்டுதான் நான் வகுத்தேன்.

பள்ளுருத்திக்குப் போகும் சாலையில் நான் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். இப்போது பிளாஸ்டிக் கூடாது என்பதால் துணியில் அடிக்கிறோம், பெயர் மட்டும் இன்னும் ஃப்ளெக்ஸ்தான். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் படமும், பெயரும், எடுக்கும் நேரமும் போட்டு ஒரு மணி நேரத்தில் சந்து முனையில் போர்டு நிற்கவேண்டும். மலையாளத்தில்தான் அடிப்போம். தமிழில் அடித்தால் எங்கள் பிள்ளைகளுக்கே படிக்கத் தெரியாது. இதில் எங்கள் சமுதாயச் சங்கம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. நேரம் போட்டு போர்டு வைத்தாகிவிட்டால் அதை மாற்றக்கூடாது. ஒரு சாவுக்கு இரண்டு நேரம் போட்டு போர்டு வைத்தால் அந்த வீட்டில் இரண்டாவது சாவு விழும். போர்டு என்ற ஒன்று வந்தே இருபது வருஷம்தான் ஆகிறது, அதற்குள் சாஸ்திரமும் வந்துவிட்டது. வழியில் வந்துகொண்டிருக்கும் பிள்ளைக்காகக் கொஞ்சம் காத்திருக்கலாம். பொழுது சாய்ந்துவிட்டால் எடுக்கக்கூடாது, மறுநாள் காலைதான். அதற்கெல்லாம் புது போர்டு வேண்டாம்.

என் பதினெட்டு மணி நேரத்தை நம்பி, சங்கத் தலைவர் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி என்று குறித்தார். நானே அடித்தேன். நானே கட்டினேன். மூன்று இடத்தில்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகனிடமிருந்து செய்தி வந்தது. டிக்கெட் கிடைத்துவிட்டது, திங்கள் மதியம் ஒரு மணி விமானம். நான் மணியைப் பார்த்தேன். ஆறு. ஒரு மணி போய் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. செய்திதான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன். "பறந்துட்டு இருக்கான்" என்று முற்றத்தில் போய்ச் சொன்னேன். அவனிடம் மூன்று மணி விஷயத்தைச் சொல்லவில்லை. பதறுவான் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தது. மகன் வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. நான் பறப்பதற்குப் பதினைந்தும், வழிக்கு மூன்றும், பிறகு ஒரு நாலும் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தேன். பாலக்காட்டிலிருந்து உறவுக்காரர்கள் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்தார். முதல் நாள் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தாராம். சந்து முனையில் போர்டைப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்து செய்தியைக் காட்டச் சொன்னார்.

படித்துவிட்டுக் கேட்டார். "ஒரு மணின்னா, எந்த ஊர் ஒரு மணி?"

நான் போனை வாங்கி அந்த வரியை மறுபடியும் படித்தேன்.

நான் ஆறு மணிக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது அங்கே திங்கட்கிழமை விடியவே இல்லை. அவன் படுக்கையில் இருந்திருக்கிறான். அக்கா கட்டைவிரலை விரல் கணுக்களில் வைத்தார். அப்போதுதான் என் கையிலிருந்த போனில் மகனின் அடுத்த செய்தி வந்து விழுந்தது. "பிராங்க்பர்ட் வந்தாச்சு அண்ணா. இங்க நாலு மணி நேரம் வெயிட்டிங், அப்புறம் இன்னொரு ஊர்ல மாறணும். அம்மா எப்படி இருக்காங்க?"

"நாளைக்குக் காலைல எட்டரை" என்றார் அக்கா. "வாசல்ல செருப்பு கழட்ட எட்டரை ஆகும்."

போர்டில் மூன்று மணி. இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை. நான், தலைவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். சொன்னேனே தவிர, கால் நகரவில்லை. அக்கா தலையை ஆட்டினார். மகன் ஐரோப்பாவில் இருக்கிறான் என்று தெரிந்தால் காத்திருக்கமாட்டார்கள், நாளைக்கு என்றால் இரண்டாவது போர்டு வேண்டும், அதற்குத் தலைவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். அது எனக்கும் தெரியும்.

"அவன்கிட்ட சொல்லு, நான் சொல்ற வரைக்கும் போனை அணைச்சு வெக்கட்டும். அம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்லு."

அக்கா உள்ளே போய் அத்தையின் காதில் வெகுநேரம் ஏதோ சொன்னார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்த அக்கா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டரைக்குத் தலைவர், குளிப்பாட்டத் தண்ணீர் எடுங்கள் என்றார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டிவிட்டால் திரும்ப உள்ளே வைக்கும் வழக்கம் இல்லை. அப்போதுதான் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"அண்ணே, பையன் எறங்கிட்டான். நெடும்பாசேரில வரிசைல நிக்கறான்."

முற்றமே ஒரு பெருமூச்சு விட்டது. வேறு யார் சொல்லியிருந்தாலும் தலைவர் போன் போட்டுப் பார்த்திருப்பார். ஊருக்குத் தெரிந்து முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட ஒரு நிமிடத்தைக் குறைத்துச் சொல்லாதவர் இவர். அவரே இறங்கிவிட்டான் என்றால், அநேகமாக ஆலுவா தாண்டியிருப்பான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குடம் அப்படியே நின்றது.

அக்காவின் கணக்கில் மூன்றே காலுக்கு அவன் டாக்ஸியில் ஏறினான். நாலு மணிக்குக் களமசேரி. நாலே முக்காலுக்கு குண்டன்னூர் பாலத்தில் பிளாக். யார் கேட்டாலும் அக்கா அதே அடங்கிய குரலில் சொன்னார். கணுக்களை எண்ணும் அந்தக் கை மட்டும் எண்ணாமல் மடியில் கிடந்தது. அவருக்கு எந்தப் பாலத்தில் எந்த நேரத்தில் வண்டி நிற்கும் என்று தெரியும். அத்தனை வருஷம் அவர் உண்மைக்குச் சேர்த்துவைத்த தடங்கல் எல்லாவற்றையும் அன்றைக்கு எடுத்துச் செலவழித்தார்.

ஐந்தேகாலுக்கு, "வெலிங்டன் தீவுல கண்டெய்னர் லாரி குறுக்க நிக்குது" என்றார். அதில்தான் வம்பு வந்தது. தலைவரின் மருமகன் எழுந்து, ஸ்கூட்டரில் போய் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன், பத்து நிமிஷம் என்றார். சாவியையும் எடுத்துவிட்டார்.  அக்கா என்னைப் பார்த்தார். நான் வாழ்க்கையில் சரியான நேரத்தில் செய்த ஒரே காரியம், அந்த மருமகன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியதுதான். "எனக்குத்தான் அவன் முகம் தெரியும், நான் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தோப்பும்படிவரைக்கும் போனேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மூன்று சாயா குடித்தேன். சாலை காலியாகக் கிடந்தது. அப்படி ஒரு காலியை அந்த நேரத்தில் அங்கே நான் பார்த்ததே இல்லை. வான்கூவரிலிருந்து நடந்து வந்தவன்கூட வீடு போய்ச் சேர்ந்திருப்பான். கால் மணிக்கு ஒருமுறை தலைவருக்குப் போன் போட்டு, லாரி நகரவில்லை என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பின்னால் காகம் கத்துவது கேட்குமோ, வண்டிச் சத்தமே இல்லையே என்று கேட்டுவிடுவாரோ என்று வியர்த்தது. டீக்கடைச் சேட்டன் என் பேச்சைக் கேட்டுவிட்டு எட்டிச் சாலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். 

ஆறேமுக்காலுக்குத் தலைவரே கூப்பிட்டார். பொழுது போய்விட்டது, இனி நாளைக்குக் காலையில்தான், நீ அவனைக் கூட்டிக்கொண்டு மெதுவாக வா என்றார்.

நான் தனியாகத்தான் வந்தேன். ஸ்கூட்டரின் பின் இருக்கையை எல்லோரும் பார்த்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அண்ணே, பையன் இன்னும் எறங்கல. நான்தான் பொய் சொன்னேன். நாளைக்குக் காலைல எட்டரைக்கு வருவான்."

தலைவர் என்ன சொன்னார் என்று முழுவதும் எழுதவேண்டாம். பிணத்தை வைத்து விளையாடியவள் என்றார். எண்பது பேரைப் பட்டினி போட்டவள் என்றார். பாலக்காட்டுப் பஸ்ஸில் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் நேரம் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காவும் என் பக்கம் கையைக் காட்டவில்லை. நான் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டேன். அது சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன். இன்னொருமுறை போட்டேன்.

மகன் மறுநாள் காலை எட்டு இருபதுக்கு வந்தான். ஷூவைக் கழற்ற வராமல் வாசல்படியில் தடுமாறினான். அத்தை அப்போதுதான் அழுதார். அவன் கையால் தண்ணீர் ஊற்றினான். அப்பாவின் முகத்தைத் துடைத்தான். துடைத்துவிட்டு, மறுபடியும் துடைத்தான். அக்கா அங்கே இல்லை. தலைவர் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு யாரும் அவர் வீட்டுக்கு நேரம் கேட்கப் போகவில்லை. "அக்கா நெடும்பாசேரில எறங்கிட்டாங்க" என்பது எங்கள் சந்தில் ஒரு சொலவடையாகிவிட்டது. யாராவது ஒரு வேலையை இதோ முடிக்கிறேன் என்று இழுத்தால் அப்படிச் சொல்வார்கள். அதை முதலில் சொன்னது நான் என்று நினைக்கிறேன். நான் இல்லை என்றால் இரண்டாவதாகச் சொன்னது நான். ஒருமுறை அவர் வீட்டு முன்னால் நின்றேன், மன்னிப்புக் கேட்கத்தான். அவர் காயப்போட்ட மிளகாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். "என்ன, யாராவது வராங்களா?" என்று கேட்டார். முகத்தில் ஒரு நொடி பழைய வெளிச்சம் வந்தது. இல்லை அக்கா, சும்மா என்றேன். மிளகாய் நல்ல சிவப்பு என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். ஏழெட்டு மாதத்தில் பாலக்காட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகிற நேரத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பெரியவரின் வருஷத் திதிக்குச் சாப்பாடு போட்டார்கள். பந்தியில் ஐந்தாறு பேர் கேட்டுக்கொண்டதால் நான் அந்தக் கதையைச் சொன்னேன். லாரியையும் மூன்று சாயாவையும் சேர்த்து, அக்காவின் குரலிலேயே. இலை முன்னால் உட்கார்ந்து எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். அத்தை பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார். என் இலை வந்ததும் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்பா நேரம் சொன்னவன் நீ. திட்டு வாங்கினவ அவ. இதுல உனக்கு எங்கடா சிரிப்பு வருது?" என்றார்.